என் ஈரலில் குமிழி விடுவதைத் தடுக்கும் அண்ணனுக்கு

மதிப்பிற்குரிய பெரியண்ணன் அவர்களுக்கு,

தம்பி பணிவோடும் கொஞ்சம் கோபத்தோடும் எழுதுவது. இங்கே நானும் என் மனைவியும் நலம், என் ஈரலில் இருக்கும் இரண்டு கட்டிகள் நீங்கலாக. அங்கே நீங்களும் அண்ணியும் நலமென்று நம்புகிறேன். உங்கள் மூன்று பக்கக் கடிதம் கிடைத்தது. ‘சிகிச்சையை உடனே நிறுத்து’ என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருந்தீர்கள். ஒரு கோடே போதும், எனக்குக் கண் நன்றாகத் தெரிகிறது. நிறுத்தமாட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியை நீங்கள் நிதானமாகப் படிக்கலாம்.

‘ரத்தத்தில் காற்றுக் குமிழியை ஏற்றுகிறார்களாமே, உனக்குப் புத்தி இருக்கிறதா’ என்று கேட்டிருக்கிறீர்கள். நாற்பது வருஷம் பஞ்சர் கடை வைத்திருந்தவனுக்குக் குமிழியைப் பற்றித் தெரியாதா. டியூபைத் தண்ணீரில் அமுக்கினால் எங்கே குமிழி வருகிறதோ அங்கே ஓட்டை. டாக்டரம்மா அதைத் தலைகீழாகச் சொன்னார். கண்ணுக்கே தெரியாத குமிழிகளில் ஜீனை ஏற்றி ஊசியில் விடுவார்களாம், அது ரத்தத்தோடு ஈரலுக்குப் போகும்போது வெளியிலிருந்து அல்ட்ராசவுண்டைக் கட்டியின் மேல் மட்டும் குவிப்பார்களாம், குமிழி அங்கேயே வெடித்துப் புற்றுநோய் செல்லின் தோலில் ஓட்டை போடுமாம், அதன் வழியாக ஜீன் உள்ளே போய், சாகத் தெரியாமல் பெருகிக்கொண்டே இருக்கும் அந்த செல்லுக்குச் சாகச் சொல்லிக்கொடுக்குமாம். “அப்புறம் அந்த ஓட்டை?” என்று கேட்டேன். “அது கொஞ்ச நேரத்துல தானா மூடிக்கும் ஐயா” என்றார். ஒட்டுப் போடாமல் தானே மூடும் ஓட்டையை நான் முன்பே பார்த்திருந்தால் வேறு தொழிலுக்குப் போயிருப்பேன்.

முதல் நாள் ரகளைதான், மறைக்கவில்லை. நர்ஸம்மா ஊசிக்குழாயை விரலால் தட்டித் தட்டிக் குமிழியை வெளியேற்றினார். “ஏம்மா, குமிழி ஏத்தறதுக்குத்தானே வந்திருக்கேன், அதைப் போய் விரட்டறீங்களே” என்றேன். “இது வெறும் காத்து, உள்ள போகக்கூடாது. மருந்துக் குமிழி ரத்த அணுவை விடச் சின்னது. நீங்க பேசாம படுங்க” என்றார். படுத்தேன். வயிற்றின் மேல் ஒரு தண்ணீர்ப் பையை வைத்து அதன் மேல் கருவியை வைத்தார்கள். திரையில் ஈரல் தெரியவில்லை, கறுப்பாகத்தான் தெரிந்தது. மெஷின் பார்க்கும் பெண் கம்ப்யூட்டரை மூன்று முறை அணைத்துப் போட்டாள், யாருக்கோ போன் செய்தாள், “இன்னைக்கு வேணாம், வேற தேதி வாங்கிக்கலாம்” என்றாள். எனக்கு இடுப்பு நனைந்திருந்தது. “பாப்பா, உன் மெஷின்ல ஒண்ணும் இல்ல. பை ஒழுகுது, காத்து புகுந்து மறைக்குது. ஒரு பாத்திரத்துல தண்ணி கொண்டா” என்று எழுந்து உட்கார்ந்துவிட்டேன். ஆஸ்பத்திரி அங்கியோடு நின்று பையைத் தண்ணீரில் அமுக்கினேன். ஓரத் தையலில் பொடிக் குமிழி வரிசையாக வந்தது. நான் ஒட்டித் தருகிறேன் என்றதற்கு யாரும் சம்மதிக்கவில்லை, புதுப் பை கொண்டுவந்தார்கள். ஈரல் பளிச்சென்று தெரிந்தது, சிகிச்சையும் அன்றே நடந்தது. ‘கசிவைக் கண்டுபிடித்தவர்: நோயாளி’ என்று அந்தப் பெண் பதிவேட்டில் எழுதியிருக்கிறாள். நம் குடும்பத்தில் வேறு யார் பெயராவது ஆராய்ச்சியில் ஏறியிருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது, ‘யாரோ செய்த ஜீனை நம் வம்சத்துக்குள் விடுவதா’ என்ற கேள்வி. இதையேதான் மாடி வீட்டுத் தையல்காரரும் என் மனைவியிடம் கேட்டார், “ஜீனை மாத்தினா ஆளே மாறிடுவாராமே.” “அந்த நம்பிக்கையிலதான் நானும் சரின்னேன்” என்றாள் இவள். அப்படியெல்லாம் மாறாது, அது கட்டியோடு சரி. நம் வம்சத்து ஜீன் நமக்கு வழுக்கையையும் பிடிவாதத்தையும் கொடுத்தது, ரெண்டும் அப்படியே இருக்கின்றன.

அண்ணா, ஒன்றை எழுதாமல் முடியாது. அப்பாவுக்கும் ஈரலில்தான் கட்டி. நீங்கள் டாக்டரை வாசலிலேயே நிறுத்தி, “வேண்டாம், வயசாயிடுச்சு, நிம்மதியா இருக்கட்டும்” என்றீர்கள். அப்பாவுக்கு அப்போது அறுபத்தொன்று. தண்ணீர் கொடுக்க நான் உள்ளே போனபோது அவர் விழித்துக்கொண்டுதான் இருந்தார். “என்னடா முடிவு பண்ணினீங்க” என்று கேட்டார். “தெரியலப்பா” என்றேன். உங்களை மட்டும் குறை சொல்லவில்லை, நானும் அங்கேதான் நின்றேன். இந்த முறை டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: “இது பலன் தரும்னு என்னால உறுதி சொல்ல முடியாது, இன்னும் சோதனையிலதான் இருக்கு. நீங்க என்ன சொல்றீங்க?” செய்யுங்கள் என்று நான் சொன்னேன். கையெழுத்தும் போட்டேன். சிகிச்சை மூன்று முறை முடிந்திருக்கிறது. சின்னக் கட்டி கொஞ்சம் சுருங்கியிருக்கிறது, பெரியது அப்படியே நிற்கிறது. அது வளராமல் நிற்பதே பெரிய விஷயம் என்கிறார்கள். முன்வைத்த காலை நான் பின்வைக்கமாட்டேன்.

நேரில் வந்து புத்தி சொல்லப் போவதாக எழுதியிருந்தீர்கள். வரவேண்டாம். இந்த விஷயமாக இனிக் கடிதமும் வேண்டாம். அண்ணிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள், பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசி.

என்றும் உங்களுக்குக் கீழ்ப்படிந்த (இது ஒன்றைத் தவிர),
தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது இவள் போனோடு வந்து நின்றாள். மறுமுனையில் அண்ணி அழுதுகொண்டிருந்தார்கள். போன மாதம் கண்ணாடி மாற்ற என்று நீங்கள் போனது ஸ்கேன் எடுக்கவாம். உங்களுக்கும் ஈரலில் கட்டியாம். அறிக்கையை அலமாரியில் செய்தித்தாளுக்கு அடியில் ஒளித்து வைத்துவிட்டு எனக்கு மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள். மேலே ‘வரவேண்டாம்’ என்று எழுதியதை அடித்துவிடுங்கள், கோபமாக எழுதியது மொத்தத்தையும் அடித்துவிடுங்கள். டாக்டரம்மாவிடம் பேசிவிட்டேன். உங்களுக்கு இது பொருந்துமா என்று பார்த்துத்தான் சொல்வாராம், பொருந்தாவிட்டால் வேறு வழி பார்ப்பாராம். செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு உங்களை அழைத்துப் போக வருகிறேன். நீங்கள் கதவைத் திறக்கமாட்டீர்கள் என்று தெரியும். அண்ணி திறப்பார்கள், பேசியாகிவிட்டது.