இரண்டாம் பாகத்தில் படகு வரவில்லை

லிஃப்ட் மெக்கானிக் அக்கரைக்குப் போக வேண்டும். அரை மணி நேரமாக ஆற்றங்கரையில் நின்று மணியடித்துக்கொண்டிருக்கிறார். படகு வரவில்லை.

"கூப்பிட்டா வரணும். அதுதானே அழகு?" என்று தொலைக்காட்சித் திரையைக் கேட்டார். முப்பது வருடம் லிஃப்ட் பார்த்தவர் வேறெப்படிப் பேசுவார்?

அந்த வீடியோ கேமின் இரண்டாம் பாகத்தை மகள்தான் வாங்கிக் கொடுத்திருந்தாள். அம்மா போய்ச் சேர்ந்த ஒரு வருடமாக அப்பா எதையும் தொடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரே என்று.

குறை சொல்ல முடியாத பாகம்தான். பனி கரையிலிருந்து எழுந்து நாணல்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே போனது. மீன் துள்ளினால் நீரிலிருந்த நிலா உடைந்து, அவசரமே இல்லாமல் மறுபடி ஒன்றுசேர்ந்தது. முதல் பாகத்தில் ஆறு என்பது நீலக் கட்டங்கள். நிலா ஒரு வெள்ளைப் பொத்தான். ஆனால் அங்கே படகுக்காரி இருந்தாள். மணியடித்ததும் வருவாள். அவள் பேச்சு தலைக்கு மேல் எழுத்தாக மிதக்கும்: 'தொப்பி எங்கே?' 'பிடிச்ச மீன் போதும், கரையேறுங்க.'

"உன்னைவிட வாய்க்காரி இவ," என்பார் அப்போதெல்லாம், சமையலறைப் பக்கம் திரும்பி.

"அப்படியா?" என்று குரல் மட்டும் வரும். விளையாட்டு என்றாலே மனைவிக்கு ஆகாது.

புதுப் பாகத்தில் படகு வராமல் போகவே மருமகனை வரவழைத்தார்.

"அப்டேட் போட்டா சரியாயிடும் மாமா."

போட்டார்கள். ஆற்றின் மேல் ஒரு பாலம் முளைத்தது.

"பாருங்க, இனிமே படகே வேண்டாம்!"

"பாலத்தை யார் கேட்டா மாப்பிள்ளை? எனக்கு அவ வரணும்."

மருமகன் எதையோ தேடிப் பிடித்து, 'பயணிகள் வசதி' என்ற செட்டிங்கை எல்லைவரை ஏற்றிவிட்டார். பனியைக் கிழித்துக்கொண்டு பதினொரு படகுகள் வந்து நின்றன. பதினொரு பேரும் ஒரே சிரிப்போடு, ஒரே இனிய குரலில், "எங்கே போகணும் ஐயா?" என்றார்கள்.

"மரியாதையாத்தானே கேக்குறாங்க?"

"அதுதான் இடிக்குது. ஒருத்தனாவது தொப்பியைக் கேட்டானா?"

மருமகன் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டார்.

மெக்கானிக் பழைய கேம் பெட்டியைத் தூசி தட்டி முதல் பாகத்தைப் போட்டார். நீலக் கட்டங்கள் அசைந்தன. மணியடித்தார். கட்டங்கள் ஆரஞ்சாகி, கருத்து, பொத்தான் நிலா ஏறி, இறங்கியது. அக்கரையில் ஓர் அசைவும் இல்லை.

"போச்சு. புதுசு வந்து பழசையும் கெடுத்துடுச்சு!"

இரண்டாம் பாகத்தைச் சுவடில்லாமல் அழித்தார். பாலம் போயிற்று, பனி போயிற்று, பதினொரு பேரும் போனார்கள். பழைய கரைக்குத் திரும்பி மறுபடி மணியடித்தார். யாரும் வரவில்லை. இதைச் சொல்ல வேண்டுமே என்று சமையலறைப் பக்கம் திரும்பியவர், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

கடைசியில் கம்பெனி உதவி எண்ணுக்குப் போன் செய்தார். ஒரு பெண் எடுத்தாள்.

"புது பாகத்துல என்ன குறை ஐயா?"

"ஒண்ணும் இல்லம்மா, ரொம்ப அழகு. பழசுல இருந்த படகுக்காரியை மட்டும் திருப்பிக் குடுத்துடுங்க."

"படகுக்காரியா?"

"ஆமா, ஏழு வருஷம் தெரிஞ்சவ. வீட்ல இப்ப பேச ஆள் இல்ல. அவ வந்து ரெண்டு வார்த்தை திட்டினா போதும்."

பெயர், கணக்கு எண் எல்லாம் கேட்டு வாங்கிக்கொண்டாள். தட்டச்சுச் சத்தம் வெகுநேரம் கேட்டது.

"ஐயா," என்றாள் அந்தப் பெண், குரலைத் தாழ்த்தி, "முதல் பாகத்துல படகுக்காரின்னு யாரையும் நாங்க வைக்கவே இல்ல, உங்க வீட்டு இணைப்புலேருந்தே யாரோ ஒருத்தங்க போன் வழியா விளையாட்டுல சேர்ந்து, போன வருஷம் வரைக்கும் ஏழு வருஷமா உங்களுக்குத் துடுப்பு போட்டிருக்காங்க."