மூக்கில்லாத கிளிகள்

துணியில் கறை பட்டால் முதலில் செய்ய வேண்டியது, ஒன்றும் செய்யாமல் சும்மா இருப்பது. இது எனக்கு இப்போது தெரியும். அப்போதே தெரிந்திருந்தால் ஒரகடம் சிக்னலில் இரண்டு கம்பெனி பஸ் ஜனமும் ஒரு டிராஃபிக் போலீஸ்காரரும் சேர்ந்து என் மானத்தை ஏலம் விட்டிருக்க மாட்டார்கள்.

கல்யாணமாகி வந்த முதல் ஆடி அது. முறைப்படி அம்மா சேரப்பணஞ்சேரிக்கு வந்து, சம்பந்தி வீட்டில் காபி குடித்துவிட்டு, என்னை மண்ணூருக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். ஆடி முடிகிறவரை புருஷன் முகத்தில் விழிக்கக் கூடாது. (இல்லாவிட்டால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறந்துவிடுமாம். வருஷம் பூரா வெயில் கொளுத்துகிற ஊரில் இது என்ன கணக்கோ, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.)

போன் இருக்கிறதே என்பீர்கள். என் புருஷன் கோபி, கார் கம்பெனியில் காலை ஷிஃப்ட், நான் செல்போன் பாகம் செய்கிற கம்பெனியில் மதிய ஷிஃப்ட். அவர் வீட்டுக்கு வந்து ஓய்வாக உட்காரும் நேரம் என் போன் லாக்கரில் கிடக்கும். நான் வெளியே வரும்போது அவர் தூங்கியிருப்பார். மிச்சம் ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு அம்மா சரியாக என் பக்கத்தில் உட்கார்ந்துதான் அவரைக்காய் ஆய்வாள். "சாப்ட்டியா?" "சாப்ட்டேன். நீங்க?" "ஆச்சி." இதுதான் புதுசாகக் கல்யாணமானவர்களின் பேச்சு. பொய் சொல்வானேன், ஏக்கமாக இருந்தது. ராத்திரி படுத்தால் பக்கத்தில் காலியாக இருக்கிற இடம்தான் பாயைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

ஒரு ஞாயிறு அம்மா கடைக்குப் போயிருந்தாள். அன்றைக்குத்தான் அவர் குரலைத் தணித்துக்கொண்டு மனதில் இருந்ததைச் சொன்னார்.

"உன் தலகாணி ஒறைய எங்கம்மா தொவைச்சிட்டாங்க. நீ போனதுலேர்ந்து அதைத்தான் கட்டிகினு தூங்கினு இருந்தேன். இப்ப வெறும் சோப்பு வாசனதான் வருது."

போதாதா? அன்றே முடிவு செய்துவிட்டேன். என் கையாலேயே ஒரு தலகாணி உறை தைத்து எப்படியாவது அவரிடம் சேர்க்க வேண்டும். எள்ளளவு பாகத்தை இடுக்கியால் எடுத்து வைக்கிற கைக்கு எம்பிராய்டரி ஒரு வேலையா என்ற திமிர் வேறு. ஸ்ரீபெரும்புதூர் ஃபேன்ஸி ஸ்டோரில் வெள்ளைத் துணி, பச்சை நூல், சிவப்பு நூல், துணியை விறைப்பாகப் பிடிக்க ஒரு வளையம் வாங்கினேன். ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கிற இரண்டு கிளிகள், செக்கச்சிவந்த மூக்கு, கீழே 'கோபி' என்று பெயர். வாயால் அவர் பெயரைச் சொல்ல அப்போது அவ்வளவு கூச்சம். நூலால் எழுதுவதற்கு ஒரு கூச்சமும் இல்லை.

அம்மாவுக்குத் தெரிந்தால் ஒரு மாசம் பொறுக்க முடியலையா என்று மானத்தை வாங்குவாள். அதனால் தையல் முழுக்க கம்பெனி பஸ்ஸில்தான் நடந்தது. எங்கள் பஸ்ஸும் அவர் பஸ்ஸும் மதியம் ஒரே ரோட்டில்தான் ஒரகடம் வரை வரும். அங்கே அவர் பஸ் இடது பக்கம் படப்பைக்குத் திரும்பும், எங்களது நேராகப் போகும். ஒரு நாளாவது சிக்னலில் பக்கத்தில் வந்து நிற்காதா என்ற நப்பாசையில் தினமும் சண்டை போட்டு இடப்பக்கத்து ஜன்னலைப் பிடிப்பேன். பக்கத்தில், கம்பெனியில் என்னோடு ஒரே லைனில் வேலை செய்கிற சிநேகிதி ஸ்டெல்லா. கிளியை முதலில் பார்த்தவளும் அவள்தான். "இது இன்னாடி, கோழியா?" என்று கேட்டாள்.

கிளிகள் முடிந்த நேரத்தில் ஆடிப்பெருக்கு வந்தது. எங்கள் கம்பெனிக்குள் உலோகம் எதுவும் போட்டுக்கொண்டு போக முடியாது, கேட்டில் மெஷின் கத்தும். அதனால் வேலைக்குப் போகிற பெண்கள் பலருக்கு மஞ்சள் கிழங்கு கட்டிய கயிறுதான் தாலி. அன்றைக்கு அம்மா எனக்குப் புதுக் கயிறு மாற்றினாள். மாப்பிள்ளையைப் பிரித்துவைத்த பாவம் தீரவோ என்னவோ, மஞ்சளை அரைத்து அப்பு அப்பென்று அப்பினாள்.

மறுநாள் பஸ்ஸில் சொக்கிவிட்டது. தூக்கத்தில் வளையத்தைப் பிள்ளை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஆடி மாசத்துப் புழுக்கம், வியர்வை, புதுக் கயிறு. கம்பெனி வாசலில் ஸ்டெல்லா எழுப்பியபோது இரண்டு கிளிகளுக்கும் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் கறை.

இதோடு விட்டிருக்கலாம். விட்டேனா? மறுநாள் அம்மா தண்ணீர் பிடிக்கப் போன சமயம் பார்த்துத் துவைக்கிற கல்லில் வைத்து, பார் சோப்பைப் போட்டு ஒரே தேய். தேய்க்கத் தேய்க்க மஞ்சள் ரத்தச் சிவப்பாக மாறியது. கறை மூக்குக்குப் பக்கத்தில் இருந்ததால், மூக்கின் சிவப்பு நூல்தான் சாயம் விடுகிறது என்று முடிவுக்கு வந்தேன். (எவ்வளவு பெரிய மூளை பாருங்கள்.) கத்தரியை எடுத்து ஒரு கிளியின் மூக்கைப் பிரித்தெடுத்தேன். மற்றதும் சாயம் விட்டால் என்ன செய்வது என்று அதன் மூக்கையும் பிரித்தேன். திரும்பிப் பார்த்தால் சிவப்பு அப்படியே இருக்கிறது, மூக்குகள்தான் இல்லை.

ஸ்டெல்லா துணியை வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "மூக்கு இன்னாடி பண்ணிச்சி, பாவம்? மஞ்சள்ல சோப்பு பட்டா செவக்கும். ஆலம் கரைக்கச் சொல்லோ சுண்ணாம்பு போட்டா செவக்கல?" கல்யாணத்தில் எனக்கே சுற்றிய ஆலம்தான். அன்றைக்கு நான் தட்டைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எலுமிச்சம்பழம் தேய்த்து வெயிலில் காயப் போட்டால் போய்விடும் என்றாள்.

எலுமிச்சை தேய்த்ததும் சிவப்பு மறுபடி மஞ்சளானது. வெயில்தான் பாக்கி. மாடியில் போட்டால் அம்மா கண்ணில் படும். ஆகவே பஸ் ஜன்னலுக்கு வெளியே இரண்டு கையாலும் பிடித்துக் காயவைத்துக்கொண்டு போனேன். ஆடிக் காற்று துணியைப் பிய்த்து இழுக்கிறது. கெட்டியாகப் பிடி என்று ஸ்டெல்லா சொல்லிக்கொண்டேதான் வந்தாள்.

ஒரகடம் சிக்னலில் பஸ் நின்றது. இடது பக்கத்தில் இன்னொரு கம்பெனி பஸ் வந்து ஒட்டி நின்றது. அதன் ஜன்னலில் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தது என் புருஷன்.

ஆடி பிறந்ததிலிருந்து பார்க்காத முகம். கன்னத்தில் கிரீஸ். இளைத்திருந்தார். கூப்பிட வாய் வரவில்லை, அதனால் கையை ஆட்டினேன். இரண்டு கையையும்.

துணி பறந்தது. பைக்கில் இருந்த ஒருவரின் ஹெல்மெட்டைத் தடவிவிட்டு, நேராகப் போய் டிராஃபிக் போலீஸ்காரரின் நெஞ்சில் அப்பிக்கொண்டது. அவர் அதைப் பிய்த்தெடுத்து, இரண்டு கையாலும் விரித்து, சினிமாவுக்குத் திரை கட்டுவது போல உயர்த்திப் பிடித்துப் படித்தார்.

"யாருப்பா இங்க கோபி?"

அந்த பஸ்ஸில் யாரோ என் புருஷனை உலுக்கி எழுப்பினார்கள். போலீஸ் கூப்பிடுகிறது என்றதும் மனுஷன் அலறியடித்துக்கொண்டு கீழே இறங்கினார்.

"லைசென்ஸ் வூட்ல கீது சார்."

"பஸ்ல வந்தவன்கிட்ட லைசென்ஸ் யாருப்பா கேட்டது? இது உன்துதானா பாரு."

அவர் துணியைப் பார்த்தார். எங்கள் பஸ்ஸைப் பார்த்தார். முன் சீட்டுக்குப் பின்னால் பாதி ஒளிந்திருந்த என்னைப் பார்த்தார். இரண்டு பஸ்ஸிலும் விசில். போலீஸ்காரர் என் பக்கம் திரும்பி, கிளிக்கு மூக்கு எங்கம்மா என்று நிஜமான அக்கறையோடு விசாரித்தார். அதற்குள் பச்சை விழுந்துவிட்டது. என் புருஷன் துணியைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு ஓடிப்போய் ஏறினார். அவர் பஸ் இடது பக்கம் திரும்பியது, எங்களது நேராகப் போனது.

நான் வீடு சேருவதற்குள் விஷயம் மண்ணூருக்கு வந்து சேர்ந்திருந்தது. அம்மா திட்டவில்லை. ஆடிக்குப் பிரித்து வைத்தால் நடுரோட்டில் கொடி பறக்கவிடுகிறாள் என்று பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. அம்மா அருகில் அவரைக்காயோடு.

"தலகாணில லெமன் சாதம் வாசன வருது," என்றார். நான் செத்தேன். அப்புறம் அவரே சொன்னார்: "அதுக்குள்ள உன் வாசனயும் கீது. இத்த யாரையும் தொவைக்க விடமாட்டேன்."

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். முறத்தை எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போய்விட்டாள்.

வருஷங்கள் ஓடிவிட்டன. இப்போது அவர் குஜராத்தில், கம்பெனியின் இன்னொரு பிளான்ட்டில் இருக்கிறார். எங்களுக்கு ஆடி என்று தனியாக இல்லை, எல்லா மாசமும் ஆடிதான். எங்கள் வீட்டில் லெமன் சாதம் கிளறினால் மாமியார் என் பெண்ணிடம், "உங்கப்பன் தலகாணிக்கு ஒரு கரண்டி எடுத்து வை" என்கிறார். கிளிகளுக்கு மூக்கு வைத்துத் தருகிறேன் என்று நானும் எத்தனையோ முறை கேட்டுவிட்டேன், என் புருஷன் ஊசியைக் கிட்டவே விடுவதில்லை.

போன தடவை லீவு முடிந்து கிளம்பும்போது உறையைப் பெட்டியில் வைக்காமல் என் கையில் கொடுத்தார்.

"வாசன தீந்துபோச்சி. திரும்பக் கறை பண்ணி அனுப்பு."

புதுக் கயிறு மாற்றியிருக்கிறேன், நானே மஞ்சளை அப்பு அப்பென்று அப்பி. தினமும் மதியம் கம்பெனி பஸ்ஸில் இடப்பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்து, அந்தக் கிளிகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தூங்கிப் போகிறேன். கறை இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை.