கலைச்சுடர் மருதாசலத்தின் மகள் ஓவியக் கல்லூரிக்குப் போன வரலாறு

உலகத்துப் பெரிய ஓவியர்கள் எல்லாருக்கும் ஒரு குறை இருந்தது. அவர்களே உட்கார்ந்து வரைய வேண்டியிருந்தது. அதனால் கழுத்து வலித்தது, கண் கெட்டது, சிலருக்குப் புத்தியும் பேதலித்தது. இந்தச் சங்கடம் எதுவும் அண்டாமல், விரலில் ஒரு சொட்டுச் சாயம் படாமல், சாப்பிட்டதும் தூங்கி எழுந்து, வருஷா வருஷம் முதல் பரிசு வாங்கிய ஒரே ஓவியர் நெய்வேலி டவுன்ஷிப்பில் வாழ்ந்தார். அவர் பெயர் மருதாசலம்.

பெயருக்கு முன்னால் 'கலைச்சுடர்' என்று போட வேண்டும். சுடரொளி மனமகிழ் மன்றம் கொடுத்த பட்டம் அது. அதற்கு முன்னால் மன்றத்தின் பட்டம் வாங்கியவர் ஒருவர்தான். அவர் மன்றத்துக்கு மேஜை விசிறி வாங்கிக் கொடுத்தவர். ஆகவே பட்டம் சும்மா வந்துவிடவில்லை என்பது விளங்கும்.

மருதாசலத்தின் கலை திடீரென்று வெளிப்பட்டது. கோபிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர், பல வருஷமாக மைன்ஸில் நிலக்கரி சுமக்கும் பெல்ட் ஓடும் இடத்தில் ஷிஃப்ட் மாற்றி ஷிஃப்ட் நின்றுகொண்டிருந்தார். மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். அந்தச் சமயத்தில் பாதுகாப்பு வாரத்தை ஒட்டி மன்றம் ஒரு போஸ்டர் போட்டி அறிவித்தது. உறுப்பினர்கள் மட்டும் கலந்துகொள்ளலாம். உறுப்பினர் என்றால் வேலையில் இருப்பவர்.

வீட்டுக்கு வந்தால், ஆறாவது படிக்கும் மகள் சந்திரா பழைய காலண்டரின் பின்பக்கத்தில் ஏதோ வரைந்துகொண்டிருந்தாள். ஹெல்மெட் போடாத ஓர் ஆள் அண்ணாந்து பார்க்கிறான். மேலேயிருந்து ஒரு மண்கட்டி அவனைக் குனிந்து பார்க்கிறது. இரண்டு முகங்களில் மண்கட்டியின் முகத்தில்தான் அறிவு அதிகம் தெரிந்தது. மருதாசலத்துக்கு நெஞ்சு இளகிவிட்டது. குழந்தை உறுப்பினர் இல்லை என்பதற்காக ஒரு கலைப்படைப்பு வீணாவதா? படத்துக்குக் கீழே தன் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டார். கலைக்காக உயிரைக் கொடுத்தவர்கள் உண்டு. பெயரைக் கொடுத்தவர்கள் குறைவு.

முதல் பரிசு கிடைத்தது. படத்தைப் பார்த்த ஓர் அதிகாரி, "இப்படி ஒரு ஆர்ட்டிஸ்ட் பெல்ட்ல கிடக்கறதா?" என்று பதறி, அவரை விளம்பரப் பிரிவுக்கு மாற்றிவிட்டார். ஜெனரல் ஷிஃப்ட். நாற்காலி, மேஜை, தலைக்கு மேலே ஃபேன். வாரம் ஒரு போஸ்டர் வரைந்து கொடுத்தால் போதும்.

அவர் வேலை செய்யும் முறையே தனி. காலையில் ஆபீஸில் தலைப்பு வாங்குவார். மாலை வரை சிந்திப்பார். வீட்டுக்கு வந்து, "கண்ணு, இந்த வாரம் பூட்ஸ்" என்பார். சந்திரா வீட்டுப்பாடம் முடித்துவிட்டு வரைவாள். அவர் பின்னால் நின்று, "அந்தாளுக்கு மீசை வையி" என்று சொல்வார். இதற்குக் கலையுலகில் 'வழிகாட்டுதல்' என்று பெயர். ஆபீஸிலேயே வரைந்தால் என்ன என்று யாராவது கேட்டால், "கூட்டத்துல கலை வராதுங்க" என்பார். கேட்டவர் வெட்கப்பட்டுப் போய்விடுவார். நாளடைவில் முடியைக் காலருக்குக் கீழே வளர்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜிப்பா போட்டார்.

இப்படி எல்லாம் நல்லபடியாக நடந்துகொண்டிருந்தபோது சந்திரா பிளஸ் டூ முடித்துத் தொலைத்தாள்.

"அப்பா, மெட்ராஸ்ல ஓவியக் காலேஜ்ல சேரட்டுமா?" என்று கேட்டாள்.

மருதாசலம் ஆடிப்போனார். மற்ற அப்பாக்கள் இப்படிக் கேட்டால் பயப்படுவதற்குக் காரணம், ஓவியம் சோறு போடாது என்பது. நெய்வேலியிலேயே ஓவியம் சோறு போடும் என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரே அப்பா அவர்தான். அந்தச் சோற்றைத்தான் தினமும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதனாலேயே அவள் போகக் கூடாது என்று நினைத்தார்.

ஆனாலும் அவர் சர்வாதிகாரி அல்ல. விஷயத்தை மன்றத்தின் செயற்குழு முன் வைத்தார். பகோடா, டீயுடன் அவசரக் கூட்டம் கூடியது. செயலாளர் குஞ்சிதபாதம் தலைமை வகித்தார். குறிஞ்சிப்பாடிக்காரர், மருதாசலத்தின் கலையைக் கண்டுபிடித்தது தாம்தான் என்று நம்புகிறவர்.

"அந்தக் காலேஜ் முடிச்சா பெர்மனென்ட் ஆவுமா?" என்று ஒருவர் கேட்டார்.

"அதெல்லாம் கான்ட்ராக்ட் மாதிரிதான்."

"பொம்பளப் புள்ளைக்கு டைப்பு போதும்ங்க."

குஞ்சிதபாதம் கையமர்த்தினார். "நாம ஆயிரம் பேசலாம். ஊட்ல ஓவியரு இருக்கசொல்ல நாம இன்னாத்துக்குப் பேசிகினு? கலைச்சுடரே சொல்லட்டும். பொண்ணுக்கு வரையறது வருமா, வராதா?"

மருதாசலம் கண்ணை மூடிக்கொண்டார். பாசத்துக்கும் கடமைக்கும் நடுவே ஓர் உள்ளம் தவிப்பதை எல்லாரும் பார்த்தார்கள்.

"பெத்த புள்ளைன்னு பாக்காமச் சொல்றேன். ஆர்வம் இருக்கு. ஆனா கோடே நேரா வராது."

குஞ்சிதபாதம் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சொந்தப் பொண்ணையே உட்டுக்குடுத்துட்டாரு பாரு. இதாங்க நேர்மை!" சந்திராவுக்கு பி.காம். ஏற்றது என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. மிச்சப் பகோடாவைக் கலைச்சுடரின் வீட்டுக்குக் கட்டிக் கொடுத்தார்கள்.

பகோடா வந்தபோது சந்திரா பிரஷ் கழுவிக்கொண்டிருந்தாள்.

"கோடே வராதுன்னு சொன்னீங்களாப்பா?"

"மன்றத்துத் தீர்மானம் கண்ணு. நான் என்ன பண்றது?"

பெயர் போனதைப் பற்றி அவள் என்றைக்கும் கவலைப்பட்டதில்லை. அப்பா ராத்திரியில் வீட்டில் தூங்குகிறார், இருமல் நின்றுவிட்டது, அது போதும் என்றிருந்தாள். ஆனால் நாலு பேர் முன்னால் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லுவார் என்று மட்டும் நம்பியிருந்தாள். அந்த இடத்தில் அடி விழுந்தது. வலித்தது.

அந்த வாரம் போஸ்டர் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. 'கலைஞருக்கு மனநிலை சரியில்லை' என்று ஆபீஸில் பேசிக்கொண்டார்கள். வீட்டில் அதற்கு வேறு பெயர்.

"ஏனுங்க, அவ ஸ்ட்ரைக் பண்றா" என்றாள் மனைவி ராஜாம்பாள். "கோரிக்கை ஒண்ணே ஒண்ணுதான். அப்ளிகேசன்ல கையெழுத்துப் போட்டு, நீங்களே கூட்டிட்டுப் போகோணும்."

"நீ எந்தப் பக்கம்?"

"நான் நடுவுல. ஆனா, ஸ்ட்ரைக் தீர்ற வரைக்கும் உங்களுக்கு ரசம் மட்டும்."

முத்தரப்புப் பேச்சுவார்த்தை சுமுகமாக முடிந்தது. உடன்பாட்டின்படி மருதாசலம் கையெழுத்துப் போடுவார். சந்திரா கிளம்புவதற்கு முன்னால் ஹெல்மெட், பூட்ஸ், கையுறை என்று வகைவகையாகப் போஸ்டர் வரைந்து பரண்மேல் ஸ்டாக் வைத்துவிட்டுப் போவாள். ஸ்டாக் தீர்ந்த பிறகு என்ன செய்வது என்ற கேள்வி மருதாசலத்தை உறுத்தியது. ஆனால் அப்ளிகேஷன் போட்டவர்கள் எல்லாருக்குமா இடம் கிடைத்துவிடுகிறது என்று நினைத்து மனதைத் தேற்றிக்கொண்டார்.

இன்டர்வியூவுக்குப் புறப்படும்போது குஞ்சிதபாதமும் பெட்டியோடு வந்து நின்றார். "கலைச்சுடரு பட்டணம் போறாரு, மன்றம் தனியா உடுமா? நானும் வந்து நாலு வார்த்தை சொல்றேன்." என்ன சொல்லித் தடுப்பது என்று மருதாசலத்துக்குத் தெரியவில்லை. மூவரும் பஸ் ஏறினார்கள்.

கல்லூரி வாசலில் தலையில்லாத சிலை ஒன்று நின்றது. குஞ்சிதபாதம் அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "ஹெல்மெட் போடாம வேல பாத்திருக்கான்" என்று வருத்தப்பட்டார்.

உள்ளே கசங்கிய கதர் சட்டையில் ஒல்லியாக ஒரு பேராசிரியர் இருந்தார். சந்திரா சுருட்டிக் கொண்டுவந்த பழைய போஸ்டர்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். மண்கட்டியின் முகத்தைப் பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்தார். வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யார் வரைஞ்சது?"

"நான்தாங்க."

"எல்லாத்துலயும் மருதாசலம்னு போட்டிருக்கே?"

"எங்கப்பா பேருங்க."

பேராசிரியர் மருதாசலத்தைப் பார்த்தார். சந்திராவும் பார்த்தாள். பள்ளிக்கூடம் விட்ட பிறகு வாசலில் நின்று, கூட்டிப்போக வரும் அப்பாவைப் பார்க்கும் பார்வை அது. மருதாசலத்துக்கு உண்மை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. வந்ததென்னவோ நிஜம். ஆனால் கதவோரத்தில் குஞ்சிதபாதம் முகமெல்லாம் பெருமையாக நின்றுகொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்தால் டவுன்ஷிப்புக்குத் தெரியும். டவுன்ஷிப்புக்குத் தெரிந்தால் மறுபடியும் பெல்ட், நைட் ஷிஃப்ட், கறுப்பு மூக்கு.

"என்னுதுதாங்க" என்றார். "புள்ளைக்கு ஆசை. அதான் எடுத்துட்டு வந்துருச்சு."

மகளுக்குச் சிறு வயதிலேயே தலைக்கனம் வந்துவிடாமல் ஒரு தகப்பன் இப்படிக் காப்பாற்றினார். சந்திராவின் முகம் சுண்டிப்போனது. கையில் இருந்த ரப்பர் பேண்டை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

பேராசிரியர் போஸ்டர்களை ஓரமாக வைத்தார். "அப்ப இதையெல்லாம் கணக்குல எடுத்துக்க முடியாதும்மா. இனிமே நேர்ல வரையறதுதான். அதுல தேறினா இடம் உண்டு." பிறகு மருதாசலத்தின் பக்கம் திரும்பினார். "சார், மாடலா உட்கார்ற ஆள் இன்னிக்கு வரலை. நீங்க ஓவியர், கஷ்டம் தெரிஞ்சவர். பிரஷ்ஷைக் கையில பிடிச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார முடியுமா?"

"மன்றத்துக்கே பெருமைங்க!" என்று குஞ்சிதபாதம் முந்திக்கொண்டு சம்மதித்தார்.

மருதாசலம் மேடையில் ஏறி உட்கார்ந்தார். முடியை ஒதுக்கிவிட்டார். மோவாயை உயர்த்தினார். பிரஷ்ஷைக் கையில் வாங்கிக்கொண்டு, கண்ணைத் தூரத்தில் நிறுத்தினார். சேர வந்த பிள்ளைகள் சுற்றிலும் உட்கார்ந்து அவரை வரைந்தார்கள். ஒரு மூலையில் சந்திரா தலை நிமிர்ந்து பார்ப்பதும் குனிவதுமாக இருந்தாள். அப்பா இவ்வளவு நேரம் அசையாமல் அவளுக்கு எதிரே இருந்தது அதுவே முதல் தடவை.

முடிந்ததும் படங்களைத் தரையில் வரிசையாகப் பரப்பினார்கள். பேராசிரியர் நடந்துகொண்டே பார்த்தார். மூக்கு ஆளுக்கு ஒரு விதமாக இருந்தது. சிலருடைய மருதாசலம் இளைத்திருந்தார், சிலருடையவர் ஊதியிருந்தார். ஆனால் எல்லாப் படத்திலும் ஒன்று மட்டும் மாறவில்லை. பிரஷ்ஷை அவர் முஷ்டியால் இறுகப் பிடித்து, முனையில் கட்டைவிரலை அழுத்தியிருந்தார். துருப்பிடித்த நட்டை ஸ்பேனரால் முடுக்குகிறவர் பிடிக்கிற மாதிரி.

"உங்க ஊர்ல பிரஷ்ஷை இப்படித்தான் பிடிப்பாங்களா?" என்று பேராசிரியர் கேட்டார்.

"அது எங்க கலைச்சுடரோட ஸ்டைலுங்க" என்றார் குஞ்சிதபாதம். இருந்தாலும் அவரும் குனிந்து ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

கடைசிப் படம் சந்திராவுடையது. பேராசிரியர் அதற்கு முன்னால் நின்றுவிட்டார். முகம் அச்சு அசல் மருதாசலம். நீள முடி, தூக்கிய மோவாய், கண்ணுக்குள் ஒளிந்திருக்கும் பயம்கூட இருந்தது. அந்தப் பயத்தைக்கூடப் பிரியமாகத்தான் வரைந்திருந்தாள். கை மட்டும் முஷ்டி இல்லை. மூன்று விரல்கள் பிரஷ்ஷை லேசாகத் தாங்க, சுண்டுவிரல் தாளில் ஊன்றியிருந்தது. மெலிந்த மணிக்கட்டு. நகக்கண்ணில் சாயம் ஏறிய சின்னக் கை.

"உனக்கு இடம் உண்டும்மா. அதுல சந்தேகமே இல்லை" என்றார் பேராசிரியர். "ஆனா ஒண்ணு கேக்கணும். மத்தவங்க எல்லாரும் அவங்க பார்த்த கையைத்தான் வரைஞ்சிருக்காங்க. முகத்தை இவ்வளவு சரியாப் பார்த்தவ, நீ மட்டும் ஏன் கையை மாத்திட்டே?"

சந்திரா மேடைப் பக்கம் திரும்பினாள். மருதாசலம் இன்னும் பிரஷ்ஷைக் கீழே வைக்கவில்லை. அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"மாத்தலைங்க. ஆறாவதுலேருந்து அப்பாவுக்கு இதுதாங்க கை."