பன்னிரண்டு நாள் வெளிநாடு

"பாஸ்போர்ட்டை எடுங்க சார். ஸ்டாம்ப் அடிச்ச பக்கத்தைப் பார்த்துட்டா வேலை முடிஞ்சுது" என்று ஆடிட்டர் சாப்பாட்டு மேசையில் பேனாவைத் தட்டினார்.

"காணோம்" என்றார் தள்ளுபடி.

"எது?"

"பாஸ்போர்ட்."

தள்ளுபடி என்பது அவருக்கு வாய்த்த பட்டப்பெயர். ஒரு கம்பெனியில் முப்பத்தைந்து வருஷம் சரக்குக் கொள்முதல் செய்தவர். அந்த வாய் ரிட்டயரான பிறகும் ரிட்டயராகவில்லை. டாக்டர் ஊசியை எடுத்தால்கூட, "ரெண்டாப் போட்டுக்கிட்டா எவ்வளவு குறைப்பீங்க?" என்று கேட்பார்.

சொந்த வீட்டை மகன் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பென்ஷன் கட்டுபடியாகும் என்று கேள்விப்பட்ட இந்த நாட்டில் போன வருஷ நடுவில் மனைவியோடு வந்து குடியேறினார். மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக் கொடுத்தவள். அவளுக்கும் தனிப் பென்ஷன். கட்டின புருஷன் உட்பட எல்லோருக்கும் அவள் 'டீச்சர்'தான்.

ஆடிட்டர் எதிர் வீட்டுக்காரர். அவரும் இங்கே வந்து குடியேறிய பென்ஷன்காரர். கேட்டால் உதவுவார், கேட்காவிட்டால் இன்னும் நன்றாக உதவுவார்.

"சட்டம் ரொம்ப சிம்பிள் சார். ஒரு வருஷத்துல நூத்தி எண்பத்தி மூணு நாள் இந்த நாட்டுல இருந்துட்டீங்கன்னா, உங்க ஊர்ப் பென்ஷனுக்கும் இங்க வரி. ஒரு நாள் குறைஞ்சாலும் கிடையாது. நீங்க வந்த நாள்லேர்ந்து வருஷக் கடைசி வரைக்கும் நூத்தித் தொண்ணூத்தி ஒண்ணு. நடுவுல மகனைப் பார்க்க டீச்சர் பதினஞ்சு நாள் போனாங்க. அப்புறம் நீங்க பன்னெண்டு நாள். ரெண்டு பேரும் தப்பிச்சாச்சு! ஸ்டாம்ப்தான் சாட்சி. டீச்சர், உங்க பாஸ்போர்ட்டாவது இருக்கா?"

டீச்சர் கரண்டியோடு சமையலறை வாசலுக்கு வந்தாள். கணவனைப் பார்த்தாள்.

"என்னோடதும் காணோம்" என்றாள்.

"ஒரே நேரத்துல ரெண்டுமா?"

"நாங்க எதையும் சேர்ந்தேதான் செய்வோம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

தள்ளுபடி சமையலறைப் பக்கம் நன்றியோடு பார்த்தார். முப்பத்தெட்டு வருஷம் பொய்யே சொல்லாத பெண், நான் விழிப்பதைப் பார்த்துவிட்டு எனக்குத் துணையாகப் பொய் சொல்கிறாளே என்று.

அவருடைய பாஸ்போர்ட் பழைய ஷூவுக்குள் பத்திரமாக இருந்தது. அதில் போய்வந்த ஸ்டாம்ப்தான் இல்லை. அவர் மகனைப் பார்க்கப் போகவே இல்லை.

விமான நிலையத்தில் பெட்டியோடு வரிசையில் நின்றபோதுதான் மகனிடமிருந்து செய்தி வந்தது. 'இந்த தடவை வேண்டாம்பா. வீட்ல சரிப்படாது. அப்புறம் சொல்றேன்.' எழுதிக் கொடுத்த வீடு. அதில் எழுதிக் கொடுத்தவருக்கு ஒரு பாய் விரிக்க இடமில்லை. மாதத்துக்கு ஒருமுறை போனில் கட்டைவிரல் படம் மட்டும் அனுப்புகிறவன், அன்றைக்கு மூன்று வரி அனுப்பியிருந்தான்.

வீடு திரும்பி டீச்சரிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்கு இரண்டு மாதம் முன்புதான் அவள் போய்ப் பதினைந்து நாள் இருந்துவிட்டு வந்திருந்தாள். மகன் வாசலுக்கே வந்து பெட்டியை வாங்கிக்கொண்டானாம். பேரனுக்கு முன்பல் விழுந்துவிட்டதாம். சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். அம்மாவுக்குத் திறந்த கதவு அப்பாவுக்கு மூடிவிட்டது என்று தெரிந்தால் அவள் மகனோடு பேச்சை நிறுத்துவாள். இருப்பது ஒரே மகன். அவளுக்காவது அவன் மிஞ்சட்டும்.

ஆகவே விமான நிலையத்துக்குப் பக்கத்து லாட்ஜில் பன்னிரண்டு நாள் தங்கினார். ஜன்னலைத் திறந்தால் ஓடுபாதை. போகிற விமானங்களை எண்ணிக்கொண்டிருந்தார். அறையில் சிக்னல் கிடையாது. வரவேற்பு பெஞ்சில் உட்கார்ந்துதான் தினமும் டீச்சருக்குப் போன் போடுவார்.

"பேரன்கிட்ட குடுங்களேன்" என்பாள்.

"தூங்கறான்" என்பார்.

அவள் போயிருந்த பதினைந்து நாளும் இவர் கேட்டபோதெல்லாம் பேரன் குளித்துக்கொண்டிருந்தான். "பார்த்துடி, கரைஞ்சிடப் போறான்" என்று இவர் சிரித்திருக்கிறார்.

திரும்பி வந்ததும், "முன்பல் அரிசி மாதிரி முளைச்சிருக்கு" என்றார். டீச்சர் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "அப்படியா? சந்தோஷம்" என்றாள். பிறகு போய், கழுவிக் கவிழ்த்திருந்த பாத்திரத்தை மறுபடி எடுத்துக் கழுவினாள்.

"பாஸ்போர்ட் தொலைஞ்சா போலீஸ்ல புகார் குடுக்கணும்" என்று ஆடிட்டர் எழுந்தார். "வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன்."

"போலீஸெல்லாம் எதுக்கு? நான் வரியே கட்டிடறேன்."

ஆடிட்டர் மறுபடி உட்கார்ந்தார். "என்ன சொன்னீங்க?"

"இந்த நாட்டுத் தண்ணியைக் குடிக்கறோம், ரோட்டுல நடக்கறோம். குடுத்தா என்ன குறைஞ்சுடப் போகுது?"

ஆடிட்டர் அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். "டீச்சர்! சாருக்கு என்னமோ ஆயிடுச்சு!"

"எனக்கும் கட்டிடலாம்னுதான் தோணுது" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"ரெண்டு பேருக்கும் பயம்! அவ்வளவுதான். கவலைப்படாதீங்க, நான் இருக்கேன்" என்று ஃபாரங்களைச் சுருட்டிக்கொண்டு போனார். மறுநாள் மாலை மாடிப்படியில் நின்று கூவினார்: "சார்! கம்ப்யூட்டர்ல போட்டுட்டேன், ரெண்டு பேருக்கும்! நீங்க பன்னெண்டு, டீச்சர் பதினஞ்சு!"

"பாஸ்போர்ட்?"

"வேண்டவே வேண்டாம். வரி ஆபீஸே ஏர்போர்ட்ல கேட்டுச் சரிபார்த்துக்கும். போக வர தேதியெல்லாம் போட்டு ஒரு கடிதம், இன்னும் பத்தே நாள்ல வீட்டுக்கு ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பிடும். பார்த்தீங்களா, எவ்வளவு வசதி!"

தள்ளுபடி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். இந்த வீட்டில் தபாலைப் பிரிப்பது டீச்சர்.

அன்றிரவு இருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. காலையில் அவள், "லைப்ரரி வரைக்கும் போயிட்டு வரேங்க" என்று கிளம்பினாள். லைப்ரரிக்கு அன்று விடுமுறை. அவருக்கு அது தோன்றவில்லை. அவள் போனால் போதும் என்று இருந்தது. அவள் திரும்பி வந்ததும், "முடி வெட்டிட்டு வரேன்" என்றார். வெட்டுகிற அளவுக்கு அவர் தலையில் சரக்கு இல்லை. அவளும் அதைக் கேட்கவில்லை.

வரி அலுவலகத்துக் கவுண்டர் அம்மாள் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள்.

"வரியைக் கூட்டணுமா?"

"ஆமாம்மா. அந்தப் பன்னெண்டு நாளும் நான் இந்த ஊர்லதான் இருந்தேன்."

"குறைக்கச் சொல்லி தினம் நூறு பேர் வராங்க. கூட்டச் சொல்லி இன்னிக்கு நீங்க ரெண்டாவது ஆள். காத்துல ஏதோ கலந்திருக்கு போல." ஒரு தாளை நீட்டினாள். "இங்கதான் தங்கினீங்கன்னு ஏதாவது ரசீது கொண்டாங்க, வீட்டு விலாசத்தோட. மாத்திடறேன்."

"மாத்திட்டா வீட்டுக்குத் தபால் வராதே?"

"வராது."

"நிச்சயமா?"

"வரி கட்டறவங்களுக்கு நாங்க எதுக்கு ஐயா தபால் போடப் போறோம்?"

அரை மணி நேரப் பேருந்து. லாட்ஜ் அப்படியே இருந்தது: அதே பெஞ்சு, அதே சுவர்க் கடிகாரம், தலைக்கு மேலே கண்ணாடியை அதிரவைத்துப் போகும் அதே விமானங்கள். அவர் அண்ணாந்து ஒன்றை எண்ணினார். பழக்கதோஷம்.

கல்லாவில் இருந்த மேனேஜர் அவரை அடையாளம் கண்டுகொண்டார். "வாங்க ஐயா! மறுபடி பன்னெண்டு நாளா?"

"இல்லப்பா. அப்ப தங்கினதுக்கு ஒரு ரசீது வேணும். விலாசம் போட்டு."

"பழைய ரசீதுக்குத் தனியா கட்டணம் உண்டுங்க ஐயா."

"சரி."

மேனேஜர் நிமிர்ந்து பார்த்தார். போன தடவை அறை வாடகையில் குறைக்கச் சொல்லி ஒரு முழு நாள் உயிரை வாங்கிய மனிதர், இப்போது கேட்ட பணத்தை எண்ணாமல் மேசைமேல் வைத்துவிட்டு நின்றார். ஆயுளில் முதல் தடவையாக அவருக்குப் பேரம் பேசத் தோன்றவில்லை. இந்தக் காகிதம் ஒன்று கிடைத்தால் டீச்சரின் மகன் டீச்சருக்கு மிஞ்சுவான். அதற்கு எந்த விலையும் மலிவுதான்.

"விலாசம் சொல்லுங்க."

சொன்னார். பாதியில் மேனேஜரின் பேனா நின்றது. மீதி விலாசத்தை அவரே முணுமுணுத்துக்கொண்டு எழுதி முடித்தார். ரசீதைக் கிழித்துக் கொடுத்துவிட்டுச் சிரித்தார்.

"இதே விலாசத்துக்குத்தான் காலையில ஒரு டீச்சரம்மா பதினஞ்சு நாளுக்கு ரசீது வாங்கிட்டுப் போனாங்க. அவங்களும் இந்த பெஞ்சுல உட்கார்ந்துதான் தினம் போன் பேசுவாங்க ஐயா. உங்க பேரன் தூங்கிட்டே இருந்தான். அவங்க பேரன் குளிச்சுக்கிட்டே இருந்தான்."