பட்டம் பெற்ற மீன்

நேர்முகத் தேர்வில் ஒரு முதலாளி, “நாங்க இங்க எல்லாரும் ஒரு குடும்பம் மாதிரி” என்று ஆரம்பித்தால், நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிட வேண்டும். குடும்பத்தில் யாருக்கும் கூடுதல் நேரத்துக்குச் சம்பளம் கிடையாது. குடும்பத்தில் அம்மா என்று ஒருத்தி எல்லாரும் சாப்பிட்ட பிறகு நின்றுகொண்டே சாப்பிடுவாள். அவர் உங்களுக்கு ஒதுக்கி வைத்திருப்பது அந்த அம்மாவின் இடம்.

எனக்கு அது அன்று புரியவில்லை. குடும்பம் என்றதும் கண் கலங்கிவிட்டது. (உண்மையாகவே கலங்கியது. அந்த மடத்தனத்தை இப்போது நினைத்தாலும் என் காதைத் திருகத் தோன்றுகிறது.)

பத்தாங் பெர்ஜுந்தைக்குப் பக்கத்தில் ஒரு தாமான் குடியிருப்பில் எங்கள் வீடு. அப்பா செம்பனைப் பழ லோரி ஓட்டுகிறார். எங்கள் சொந்தத்தில் மருந்தாளர் படிப்பு முடித்த முதல் ஆள் நான்தான். பட்டம் வாங்கி, அரசாங்க மருத்துவமனையில் பயிற்சியும் முடித்துவிட்டு, அடுத்த வேலைக்காகக் காத்திருந்தேன். என்னோடு படித்த அத்தனை பேரும் காத்திருந்தார்கள். இது மருந்துக்கடை முதலாளிகளுக்கு நன்றாகத் தெரியும். சந்தையில் வாழைப்பழம் அதிகமாக வந்த நாளில் எப்படிப் பேரம் பேசுவார்களோ, அப்படித்தான் எங்களைத் தடவிப் பார்த்து எடுத்தார்கள்.

கோலா சிலாங்கூரில் ஒரு கடைக்கு ஆள் தேவை என்று அறிந்து விண்ணப்பித்தேன். உடனே கூப்பிட்டார்கள். நேர்முகத் தேர்வுக்கு முந்தின வாரம் முழுக்க, மருந்துக்கும் மருந்துக்கும் நடக்கிற சண்டைகளை மனப்பாடம் செய்தேன். தொழில் நெறி பற்றி ஆங்கிலத்தில் ஒரு சொற்பொழிவு தயாரித்தேன். உச்சி வெயிலில் கறுப்புக் கோட்டும் குதிகால் உயர்ந்த செருப்பும் போட்டுக்கொண்டு போய் இறங்கினேன். பார்த்தவர்கள் என்னைக் காப்புறுதி விற்க வந்தவள் என்று நினைத்து வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

முதலாளியின் பெயர் குணா. இரண்டு கடை வைத்திருந்தார். மூன்றாவது கடைக்குப் பெயர்ப்பலகை மட்டும் வந்திருந்தது. அதற்குள் எல்லாரும் அவரை ‘பாஸ்’ என்றுதான் கூப்பிட வேண்டும் என்று உத்தரவு. நேர்முகத் தேர்வு சரக்கறையில் நடந்தது. அவருக்கு நாற்காலி. எனக்குப் பெரியவர்களுக்கான டயப்பர் பெட்டி.

“நல்லா சிரிப்பியா மா?” இதுதான் முதல் கேள்வி.

“சார்?”

“கஸ்டமர் வந்தா சிரிக்கணும். எங்க, சிரிச்சுக் காட்டு.”

நான்கு வருடம் படித்துவிட்டு, டயப்பர் பெட்டியில் உட்கார்ந்து பல்லைக் காட்டினேன்.

“ஓகே. பெட்டி தூக்குவியா? லோரி வந்தா எல்லாரும் சேர்ந்துதான் சாமான் இறக்கணும்.”

“தூக்குவேன் சார்.”

“கல்யாணம்? இப்ப எதுவும் பிளான் இல்லயே? ஆள் பழக்கிவிட்டதும் கல்யாணம், பிள்ளைன்னு ஓடிடுறாங்க லா.”

“இல்ல சார்.”

“பாஸ்.”

“இல்ல பாஸ்.”

தொழில் நெறி பற்றி ஒரு வார்த்தை கேட்பார் என்று கடைசி வரை காத்திருந்தேன். அவரும் கடைசியில் ஒன்று கேட்டார். ஒரு கொலாஜன் டப்பாவைக் கையில் கொடுத்து, “இத என்கிட்ட வித்துக் காட்டு” என்றார். விற்றுக் காட்டினேன். “ஓகே லா, பாஸ் பண்ணிட்ட. நாங்க இங்க எல்லாரும் ஒரு குடும்பம் மாதிரி” என்றார். அப்போதுதான் என் கண் கலங்கியது.

வீட்டில் ஒரே கொண்டாட்டம். ரவாங்கில் தொழிற்சாலையில் வேலை செய்கிற என் அத்தை, அப்பாவின் அக்கா, தன் கூட வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் மருமகள் கோலா சிலாங்கூரில் ‘பெரிய மருந்தாளர்’ ஆகிவிட்டாள் என்று சொல்லி லட்டு கொடுத்திருக்கிறார்.

பெரிய மருந்தாளர் காலையில் போனதும் கடையைக் கூட்டினாள். லோரி வந்தால் பால்மாவுப் பெட்டி இறக்கினாள். காசாளர் வராத நாளில் காசாளர். நாள் முழுக்க நின்றபடி வேலை. மருந்தாளர் உட்கார்ந்திருந்தால் கடை டல்லாகத் தெரியுமாம். மருந்தாளர் இல்லாமல் சில மருந்துகளை விற்கக்கூடாது என்பது சட்டம். அதனால் நான் கழிவறைக்குப் போவதுகூடப் பாஸுக்குச் சட்டப் பிரச்சினையாகத் தெரிந்தது. மதியச் சாப்பாட்டை மருந்து அலமாரிக்குப் பின்னால் நின்று விழுங்குவேன். நாள்தோறும் இத்தனை சத்து மாத்திரை விற்க வேண்டும் என்று இலக்கு வேறு. என்னோடு விற்பனைக்கு நின்ற கலா அக்கா இரக்கப்பட்டு, தான் விற்றதில் சிலதை என் பெயரில் போடுவார்.

இதையெல்லாம் வீட்டில் சொல்ல வேண்டியதுதானே? சொல்லவில்லை. “கிளினிக்கல் வேலை அத்தை, விளக்கினா புரியாது” என்றேன். (என் ஆணவத்துக்கு அந்த நாட்களில் ஓய்வே கிடையாது.)

சேர்ந்து சில வாரங்களில் ஒரு சனிக்கிழமை, கடையில் மீன் எண்ணெய் மாத்திரைக்கு மலிவு விற்பனை. பலூன், ஒலிபெருக்கி எல்லாம் ஏற்பாடு. மாத்திரைக் கம்பெனியிலிருந்து ஒரு மீன் வேஷமும் அனுப்பியிருந்தார்கள். வேஷம் வந்துவிட்டது. போட்டுக்கொண்டு ஆட வேண்டிய ஆள் வரவில்லை. பாஸ் கடையைச் சுற்றிப் பார்த்தார். அவர் பார்வை என் மேல் வந்து நின்றது.

“நீதான் கரெக்டான ஹைட்டு.”

“பாஸ், நான் மருந்தாளர். உள்ள ஆள் வேணுமே?”

“வாசல்ல தான நிக்கப் போற? வாசலும் கடைதான் லா. டீம் ஸ்பிரிட் வேணும் மா.”

இந்த இடத்தில் தன்மானமுள்ள எந்தப் பெண்ணும் சொல்லக்கூடிய பதில்கள் பல உண்டு. நான் சொன்னது: “நோ ப்ராப்ளம் பாஸ்.”

அது சால்மன் மீனாம். பார்த்தால் சந்தையில் மலிவாகக் கிடைக்கிற கெம்போங் மீன் மாதிரிதான் இருந்தது. முதுகில் ஜிப்பு. வாயில் கறுப்பு வலை. அந்த வலை வழியாகத்தான் மூச்சும் உலகமும். கைக்குப் பதில் இரண்டு துடுப்பு. வெயிலில் ஐந்து நிமிடம் நின்றதும் உள்ளே நான் அவிந்துகொண்டிருந்தேன்.

கோலா சிலாங்கூருக்கு வெளியூர்க்காரர்கள் வருவதே கடலுணவு சாப்பிடத்தான். அந்த ஊரில் ரோட்டோரம் ஒரு மீனை நிறுத்திவைத்தால் என்ன ஆகும்? கார்கள் நின்றன. ஒரு மலாய்க்கார அம்மா, சுட்ட மீன் இருக்கிறதா என்று கேட்டார். ஒரு சீனக் குடும்பம் உள்ளேயே போய், எட்டுப் பேருக்கு மேசை கேட்டுவிட்டு, இருமல் மருந்துக்கு முன்னால் குழம்பி நின்றது. பாஸ் ஒலிபெருக்கியில், “மீனு! ஆடு மா! ஆடு!” என்று கத்தினார். ஆடினேன்.

அப்போதுதான் அந்தத் தம்பதி கடையிலிருந்து வெளியே வந்தார்கள். அறுபது வயதைத் தாண்டியவர்கள். தோட்டத்துப் பக்கம் போகிற பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டு என் நிழலில் நின்றார்கள். (நல்ல அகலமான மீன்.)

“மறுபடியும் இத வாங்கணுமா?” என்றார் அந்த அம்மா. “நெஞ்சுல வால்வு மாத்தினதுக்கு ரத்தம் கட்டாம இருக்க மாத்திரை வேற திங்கிறீங்க. டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“இது இயற்கை சாமான் லா. ஒண்ணும் செய்யாது. போன தடவ வாங்குனதுலயே மூட்டு வலி பாதி கொறஞ்சிருச்சு.”

“வலி கொறஞ்சுச்சு. பல்லு வெளக்குனா ரத்தமா வருதே? கையப் பாருங்க, எங்கயும் இடிக்காமலே கன்னிப் போயிருக்கு.”

வலை வழியாக அவர் கையைப் பார்த்தேன். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை மை கொட்டினது மாதிரி நீலம். மீன் ஆடுவதை நிறுத்தியது.

“அங்கிள், பையில என்ன இருக்கு? காட்டுங்க!”

இருவரும் சுற்றும் முற்றும் பார்த்தார்கள்.

“இங்க அங்கிள். நான்தான். மீன்.”

“ஏய், இது பேசுது பாரேன்! பேட்டரி போட்டிருக்கானுங்க போல.”

“பேட்டரி இல்ல அங்கிள்! பைய என் வாய்கிட்ட கொண்டாங்க!”

அவர் சிரித்துக்கொண்டே பையை விரித்து மீனின் வாய்க்கு நேரே பிடித்தார். மீன் எண்ணெய், ஞாபக சக்திக்கு என்று விற்கிற ஜிங்கோ மாத்திரை, அடியில் ஒரு அட்டை வலி மாத்திரை. அந்த வலி மாத்திரையை மருந்தாளர் விசாரித்துத்தான் கொடுக்க வேண்டும். விசாரிக்க வேண்டிய மருந்தாளர் வாசலில் வால் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

“அங்கிள், இத எதையும் சாப்பிடாதீங்க. உங்க மாத்திரையோட இதெல்லாம் சேர்ந்தா ரத்தம் நிக்காது. உள்ளுக்குள்ளயே கசியும். இப்பவே ஆஸ்பித்திரிக்குப் போங்க.”

“நீ யாரு மா அதச் சொல்ல?”

“நான் இந்தக் கடை மருந்தாளர்.”

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அதில் தப்பு சொல்ல முடியாது. தலையைக் கழற்றினால் நம்புவார் என்று ஜிப்பைத் தேடினேன். துடுப்பு முதுகுக்கு எட்டவில்லை. கலா அக்காவைக் கூப்பிடலாம் என்று கடைக்குள் ஓடித் திரும்பியதில் என் வால் பட்டு, மீன் எண்ணெய் டப்பாக்களால் கட்டிய கோபுரம் தடதடவென்று சரிந்தது. கலா அக்கா இழுத்துப் பார்த்தார். ஜிப்பு அசையவில்லை. மறுபடி வெளியே ஓடி, பஸ் வந்தால் ஏறிவிடுவாரே என்ற பயத்தில், அந்த மனிதரின் முன்னால் இரண்டு துடுப்பையும் விரித்து வழி மறித்தேன்.

“வாங்காதீங்க! சாப்பிடாதீங்க! ஆஸ்பித்திரிக்குப் போங்க!” என்று கத்தினேன். தெருவே நின்று பார்த்தது.

பாஸ் ஓடிவந்தார். “என்னா மா பண்ற? நம்ம மீனே நம்ம மீன் எண்ணெய வாங்காதன்னு சொல்லுதே!”

அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் வீட்டுக் கார் வந்து நின்றது. அத்தைக்கு, வெள்ளைக் கோட்டில் என்னைப் படம் எடுத்து ரவாங்கில் காட்ட வேண்டும் என்று ஆசை. சொல்லாமல் கொள்ளாமல் அப்பாவையும் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

“மீனு அழகா இருக்கே! நில்லுடா தம்பி, ஒரு படம் எடுக்கிறேன்” என்று அத்தை மீனைப் பார்த்துக் கைப்பேசியைத் தூக்கினார். அப்பா நேராகப் பாஸிடம் போய், “சார், எங்க பொண்ணு இங்கதான் மருந்தாளரா இருக்கு. உள்ள இருக்கா?” என்றார்.

பாஸ் வானத்தைப் பார்த்தார்.

“அப்பா” என்றது மீன்.

அப்பா திரும்பினார். மீனின் வாயை உற்றுப் பார்த்தார். அவர் முகத்தில் வந்துபோனதை நான் வர்ணிக்கப் போவதில்லை. அழுதுவிடுவேன் போலிருந்தது. ஆனால் அழுவதற்கு நேரம் இல்லை.

“அப்பா, இந்த அங்கிள உடனே ஆஸ்பித்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. ரத்தம் கட்டாம இருக்க வார்ஃபரின் சாப்பிடுறவர், ரத்தம் கசியுதுன்னு சொல்லுங்க. இந்தப் பையையும் கொண்டு போய்க் காட்டுங்க.”

அப்பா ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அந்த மனிதரின் தோளில் கையை வைத்து, “வாங்கண்ணே, ஏறுங்க. அது என் மக. தெரியாம எதுவும் சொல்லாது” என்றார். ஒரு மீனின் அப்பாவை எப்படி மறுப்பது என்று தெரியாமல் அவர் ஏறிவிட்டார். அவர் மனைவி காரில் உட்கார்ந்த பிறகும் என்னையே திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார். அத்தை மட்டும் என்னோடு நின்றுகொண்டார். கைப்பேசியை அவர் அணைக்கவே இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பாஸ் என்னை அந்த இடத்திலேயே வேலையை விட்டு நிறுத்தினார். ஜிப்பு இன்னும் திறக்கவில்லை. ஒரு மீனை நிற்கவைத்து, கட்டொழுங்கு, விசுவாசம், கம்பெனியின் நற்பெயர் என்று அவர் முழங்க, மீன் தலை குனிந்து கேட்டது. தலை கனமாக இருந்ததால் குனிந்தேனே தவிர, பணிவால் அல்ல. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அப்போதுதான் முதல்முறையாக எனக்குப் பணிவு வரவில்லை.

“மருந்தாளர் இல்லாத நேரத்துல அந்த வலி மாத்திரைய வித்தது யாரு?” என்று உள்ளேயிருந்து கேட்டேன்.

“நீ கடையிலதான இருந்த?”

“மீனாத்தான் இருந்தேன்.”

கலா அக்கா கத்தரிக்கோலால் முதுகை வெட்டி என்னை வெளியே எடுத்தார். வெளியே வந்தவள், என் வெள்ளைக் கோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, அத்தையோடு பஸ் ஏறினேன். அந்த வாரமே சுகாதார அமைச்சின் மருந்து அமலாக்கப் பிரிவுக்குப் புகார் எழுதிப் போட்டேன். அதிகாரிகள் வந்து போனதாகக் கலா அக்கா பிறகு சொன்னார். மூன்றாவது கடையின் பெயர்ப்பலகை இன்னும் பலகையாகவே இருக்கிறதாம்.

அந்த மனிதரை ஆஸ்பித்திரியில் படுக்கவைத்துவிட்டார்கள். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் தலைக்குள் கசிந்திருக்கலாம் என்றாராம் டாக்டர். தேறி வீடு திரும்பியவர், அப்பாவுக்குப் போன் போட்டு, “அந்த மீனு நல்லா இருக்கான்னு கேளுங்க” என்றார். என் பெயரை அவர் கேட்கவே இல்லை. தேவைப்படவில்லை போல.

எனக்கு ரவாங்கில் வேறு கடையில் வேலை கிடைத்தது. அந்த நேர்முகத் தேர்வில் கேள்வி கேட்டது நான். மருந்தாளர் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவார் என்று கேட்டேன். அந்தக் கடை முதலாளி அம்மா ஒரு மேசையைக் காட்டினார். சேர்ந்துவிட்டேன்.

ஆனால் அத்தை எடுத்த காணொளி அதற்குள் குடும்பக் குழுவைத் தாண்டிச் சபாக்கில் இருக்கிற அத்தையின் சம்பந்தி வீடு வரை போய்விட்டது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மருந்தாளர் என்ற வார்த்தை வழக்கொழிந்துவிட்டது. யாருக்குத் தலைவலி என்றாலும், “மீனக் கேட்டுட்டுச் சாப்பிடு” என்பார்கள். கல்யாண வீட்டில் முன்பின் தெரியாத ஆண்ட்டி ஒருவர் கைப்பையைத் திறந்து நாலு அட்டை மாத்திரையை எடுத்துக்கொண்டு, “மீனு எங்க உக்காந்திருக்கு?” என்று பந்தி பந்தியாகத் தேடி வருவார்.

போன மாதம் அப்பாவுக்கு இரத்த அழுத்தம் என்று கிளினிக்கில் புது மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அப்பா சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “ரொம்ப நன்றி டாக்டர். வீட்ல மீன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு ஆரம்பிக்கிறேன்” என்றிருக்கிறார்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இன்று என்ன கிழமை, இது எந்த ஊர் என்று மெதுவாக விசாரித்தாராம். அப்பா எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொல்லிவிட்டு, அங்கிருந்தே எனக்குப் போன் போட்டார்.