கன்மலைக் கூட்டத்தில் நான் சொன்ன சாட்சி

மைக்கைக் கண்டால் சும்மா இருக்க முடியாத மனிதர்கள் சிலர் உண்டு. நான் அந்த ரகம். கல்யாண வீடோ, தோட்டத்து விளையாட்டுப் போட்டியோ, பள்ளிக்கூட ஆண்டு விழாவோ, "கிராணி ஐயா ரெண்டு வார்த்தை பேசுவாரு" என்று யாராவது சொல்லி முடிப்பதற்குள் எழுந்து நின்று தொண்டையைச் செருமிக்கொண்டிருப்பேன். (யாரும் சொல்லாவிட்டாலும் எழுந்து நிற்பேன். நின்ற மனிதனை உட்காரச் சொல்ல நம் ஆட்களுக்குக் கூச்சம்.)

எழுபதுகளின் கடைசி அது. கெடாவில் செமிலிங் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்து ஆபீசில் நான் கிராணி, அதாவது குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமையானால் பீடோங் கிறிஸ்தவ சபையில் மூப்பர், சபைப் பெரியவர்களில் ஒருவன். எங்கள் ஆராதனையில் சாட்சி நேரம் என்று ஒன்று வரும். யார் வேண்டுமானாலும் முன்னால் போய்க் கடவுள் தமக்குச் செய்த நன்மையைச் சொல்லலாம், தமக்காக ஜெபிக்கும்படி சபையைக் கேட்கலாம். நான் ஒரு வாரம்கூட விட்டதில்லை. நன்மை எதுவும் நடக்காத வாரத்தில் தோட்டத்து மாடு கன்று போட்டதைச் சொல்வேன்.

அந்த வருஷம் பதினைந்து வயதில் மூன்றாம் படிவம் படித்துக்கொண்டிருந்த என் மகள் கிரேஸ், அரையாண்டுத் தேர்வில் கணக்கில் நூற்றுக்குப் பதினொன்று வாங்கினாள். பதறிப்போன நான் அந்த ஞாயிறே மைக்கைப் பிடித்து ஜெப உதவி கேட்டேன். மார்க்கைச் சொன்னேன். அதற்கு முந்தைய மார்க்கையும் சொன்னேன், சபையார் ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று. பிள்ளை தூக்கத்தில் வாய்ப்பாட்டைத் தப்பாக உளறுகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். (அது சபைக்கு எதற்கு என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் பேச்சை மாற்றிவிடுவேன்.) மூன்றாவது வரிசையில் கிரேஸ் பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டாள். மறுநாள் பள்ளிக்கூட பஸ்ஸிலேயே பையன்கள் அவளுக்குப் "பதினொன்னு" என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அன்றோடு அவள் என்னிடம் பேச்சை நிறுத்தினாள். நான் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன், "அம்மா, அப்பாகிட்ட சொல்லுங்க, கொழம்பு அந்தப் பக்கம் இருக்குன்னு" என்பாள். நானும் விடவில்லை. "அம்மாகிட்ட சொல்லு, எனக்குக் கண்ணு தெரியும்னு" என்பேன். ஒரு தகப்பன் பிள்ளைக்காக ஜெபம் கேட்டது குற்றமா, அதற்குப் போய் மகளிடம் மன்னிப்புக் கேட்பார்களா என்று முறுக்கிக்கொண்டு திரிந்தேன். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், மாதக்கணக்கில் அது என்னை வாட்டி எடுத்தது. "அப்பா" என்று ஒரு தடவை அவள் வாயால் கேட்க மாட்டோமா என்று ஏங்கிப்போனேன். நடுவில் மாட்டிக்கொண்டு தபால்காரியான என் மனைவி செல்வமணி, ஒரு சனிக்கிழமை தனக்குத் தலைவலி என்று துணியைக் கட்டிக்கொண்டு படுத்து, பிள்ளைக்குப் பள்ளிச் சப்பாத்து வாங்கிவர எங்கள் இரண்டு பேரை மட்டும் சுங்கைப்பட்டாணிக்கு அனுப்பிவைத்தாள். (நாங்கள் தெருவைத் தாண்டியதும் எழுந்து துணி துவைத்தாளாம்.)

சப்பாத்துக் கடைச் சீன முதலாளி அன்று பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. காலில் இறுக்குகிறதா என்று மகளிடம் கேளுங்கள் என்று நான் அவரிடம் சொல்வேன். இல்லை என்று அவள் அவரிடம் சொல்வாள். அவர் என்னிடம் திரும்பி, இல்லையாம் என்பார். ஒரு வழியாக வாங்கிக்கொண்டு வெளியே வந்தால் மழை பிடித்துக்கொண்டது. பக்கத்தில் இருந்த பழைய தியேட்டர் வாசலுக்கு ஓடி ஒதுங்கினோம். அங்கேதான் அந்தப் போஸ்டரைப் பார்த்தேன்.

ஒரு பெரிய பாறை. அதன்மேல் ஒருவர் இரண்டு கைகளையும் விரித்து வானத்தைப் பார்த்து நிற்கிறார். பின்னால் மின்னல். மேலே ஆள் உயரத்துக்கு ஆங்கிலத்தில் "ராக்" என்று ஒரே வார்த்தை. கீழே மலாயில் "செமுவா டிஜெம்புட்", அனைவரும் வருக.

எங்கள் சபைத் தமிழில் கடவுளுக்குக் கன்மலை என்று ஒரு பெயர் உண்டு. அசையாத பெரும்பாறை என்று அர்த்தம். எந்த ஜெபமும் அந்த வார்த்தை இல்லாமல் முடியாது. வெள்ளைக்காரர்கள் அதையேதான் ராக் என்பார்கள். இரண்டு தடவை ஆங்கில ஆராதனைக்குப் போய் வந்த எனக்கா தெரியாது? ஆஹா, கன்மலைக் கூட்டம், பெரிய பிரசங்கியார் யாரோ வெளியூரிலிருந்து வந்திருக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். கிரேஸ் அந்தப் போஸ்டரையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைக்கு ஆத்தும தாகம் வந்துவிட்டது என்று எனக்கு நெஞ்சு நிறைந்தது. "போலாமா?" என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்தாள், போஸ்டரைப் பார்த்தாள், ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். பிறகு வேகமாகத் தலையை ஆட்டினாள்.

வாசலில் டிக்கெட் கேட்டார்கள். காணிக்கையை முன்கூட்டியே வாங்கிக்கொள்கிறார்கள், நல்ல ஏற்பாடு, நம் சபையிலும் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே போனால் பாதிப் பேர் தோள்வரை முடி வளர்த்த வாலிபர்கள். நீள முடிக்காரர்களைக் கடைசியாகத்தான் கவனிப்போம் என்று சிங்கப்பூர் அரசாங்க ஆபீசுகளில் போர்டு மாட்டியிருந்த காலம் அது. எனக்கும் முதலில் திக்கென்றது. அப்புறம் விளங்கிவிட்டது. பொருத்தனை பண்ணியிருக்கிறார்கள். கடவுளிடம் நேர்ந்துகொண்டவர்கள் அந்தக் காலத்தில் முடி வெட்ட மாட்டார்கள் என்று கிரேசுக்கு விளக்கமாக எடுத்துச் சொன்னேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். பக்தி என்று நினைத்தேன். அவளை இழுத்துக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன்.

திரை விலகியது. மேளத்தின் முதல் அடியிலேயே என் மூக்குக் கண்ணாடி நழுவி மடியில் விழுந்தது, எடுத்து மாட்டிக்கொண்டேன். நான்கு பேர் மேடையில் கிட்டாரை வைத்துக்கொண்டு என்னவோ செய்தார்கள். நாற்காலி அதிர்ந்தது, சட்டைப் பையில் பேனா அதிர்ந்தது, கட்டிய பல் ஒன்று தனியாக அதிர்ந்தது. பாடியவர் என்ன மொழியில் பாடினார் என்றே தெரியவில்லை. சரிதான், அந்நிய பாஷையில் பேசுகிறார், பரிசுத்த ஆவி இறங்கிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். போன மாதம்தான் எங்கள் போதகர் மூப்பர்களைக் கூப்பிட்டு, வாலிபரைச் சபையில் நிறுத்தி வைக்க வேண்டுமானால் புது முறைகளுக்கு இடம் கொடுங்கள் என்று சொல்லியிருந்தார். எனவே இடம் கொடுத்தேன். எல்லாரும் எழுந்தபோது நானும் எழுந்தேன். எல்லாரும் கையைத் தூக்கியபோது நானும் தூக்கிக் கண்களை மூடிக்கொண்டேன். பக்கத்தில் நின்ற மலாய் வாலிபர் என் தோளைத் தொட்டு, "பாக்சிக், ஓகே கா?" என்று கேட்டார், மாமா, நல்லா இருக்கீங்களா என்று. பெரியவருக்கு நெஞ்சு வலி என்று பயந்திருக்கிறார். நான் அவர் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தேன்.

மூன்றாவது பாட்டு முடிந்ததும் பாடகர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, யாராவது மேடைக்கு வருகிறீர்களா, வந்து ஏதாவது சொல்கிறீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டார். எனக்கு அது சாட்சி நேரமாகவே கேட்டது. வேறெப்படிக் கேட்கும்? கிரேஸ் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். தடுக்கிறாள் என்று தெரியவில்லை, சட்டை மடிப்பைச் சரிசெய்கிறாள் என்று நினைத்தேன். விடுவித்துக்கொண்டு படியேறிவிட்டேன்.

மைக்கை வாங்கி "ப்ரெய்ஸ் த லார்ட்" என்றேன். சபையாக இருந்தால் "ஸ்தோத்திரம்" என்று பதில் வரும். இங்கே ஐந்நூறு பேர் "யே" என்று கத்தினார்கள். இவ்வளவு உற்சாகமான சபையை நான் பார்த்ததே இல்லை. எனக்கு ஒரு மகள் இருக்கிறாள், இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள் என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். விளக்குக்காரர் ரொம்ப ஒத்தாசையான ஆள், பெரிய விளக்கைத் திருப்பி அவள்மேல் அடித்தார். கூட்டம் மொத்தமும் கழுத்தை நீட்டிப் பார்த்தது.

அப்போதுதான் நான் தலையை நிமிர்த்தினேன். எதிரே மாடியின் கைப்பிடிச் சுவர் முழுக்க ஒரு துணி கட்டியிருந்தது. கீழே உட்கார்ந்திருந்த வரைக்கும் அது என் முதுகுப் பக்கம் இருந்திருக்கிறது. அதில் ஒரு வெள்ளைக்காரர் குதிரைமேல் உட்கார்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். நிகழ்ச்சியை வழங்குபவர்கள் என்று அந்த சிகரெட்டின் பெயர் போட்டிருந்தது. எந்தக் கன்மலைக் கூட்டத்தையும் சிகரெட் கம்பெனி நடத்தாது என்கிற அளவுக்கு எனக்கும் அறிவு இருந்தது. 

கீழே பார்த்தேன். அத்தனை வெளிச்சத்துக்கு நடுவில் கிரேஸ் சப்பாத்துப் பெட்டியை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெட்டிக்குப் பின்னால் அவள் தோள்கள் குறுகிப்போயிருந்தன. அன்றைக்குச் சபையில் நான் பார்த்தும் பார்க்காமல் விட்டதும் இதே தோள்கள்தானே. ஐயோ, பாவி, மறுபடியும் அதையே செய்துகொண்டிருக்கிறேனே என்று தோன்றியது. கணக்கு, பதினொன்று, வாய்ப்பாடு எல்லாம் நாக்கு நுனிவரை வந்து நின்றுகொண்டிருந்தன. அத்தனையையும் விழுங்கினேன்.

மைக் கையில் இருக்கிறது, கூட்டம் காத்திருக்கிறது, ஏதாவது சொல்லியாக வேண்டும். தமிழில்தான் வந்தது.

"கிரேஸ், அப்பா தப்புப் பண்ணிட்டேன்மா. சபையில அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

என் குரல் தியேட்டர் முழுக்கப் போய் மோதித் திரும்பி வந்து என் காதிலேயே விழுந்தது. பாதிக் கூட்டத்துக்கு ஒரு எழுத்தும் விளங்கியிருக்காது. பின்வரிசைத் தமிழ்ப் பையன்கள் மட்டும் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். சப்பாத்துப் பெட்டி மெல்லக் கீழே இறங்கியது. மாதக்கணக்காக நான் காத்திருந்த வார்த்தை, அவ்வளவு பேர் முன்னால், தெளிவாக வந்தது.

"அப்பா. மைக்க குடுத்துட்டு எறங்குங்க."

பின்வரிசை ஓவென்று சிரித்துக் கை தட்டியது. அதைப் பார்த்து விளங்காத கூட்டமும் தட்டியது. மேளக்காரர் தம் பங்குக்கு டமார் என்று ஒன்று போட, கிட்டார்களும் சேர்ந்துகொண்டன. அவள் "அப்பா" என்ற சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கி வழி மறைத்துவிட்டது. மைக்கைக் கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்தவன் ஏதோ வயரில் காலை விட்டு, தடுமாறி, அதை இழுத்துக்கொண்டே படியில் சரிந்தேன், கண்ணாடி தெறித்து விழுந்தது. மேடையில் சத்தம் மொத்தமும் நின்றுபோனது. கிட்டார்க்காரர் மட்டும் விஷயம் தெரியாமல் தலையை ஆட்டி ஆட்டி வெறும் கம்பியை மீட்டிக்கொண்டிருந்தார். வயரைச் சரிசெய்ய ஆள் ஓடி வந்தது. இன்னொரு ஆள் வந்து என்னை மிகவும் மரியாதையாக வெளியே கொண்டுபோய் விட்டது. கிரேஸ் பின்னாலேயே என் கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்தாள்.

பஸ்ஸில் பீடோங் வரைக்கும் அவள் வாய் ஓயவில்லை. அத்தனையும் திட்டு. மார்க்கைச் சொல்ல யாரைக் கேட்டீர்கள், வாய்ப்பாட்டை ஏன் சொன்னீர்கள், பஸ்ஸில் அந்தப் பையன்கள் என்னென்ன சொன்னார்கள் தெரியுமா என்று மாதக்கணக்கில் சேர்த்துவைத்ததையெல்லாம் கொட்டினாள். "தப்புதாம்மா, தப்புதாம்மா" என்று கேட்டுக்கொண்டே வந்தேன். அவ்வளவு இனிப்பான திட்டை நான் வாழ்நாளில் வாங்கியதில்லை. அது ராக் பாட்டுக் கச்சேரி, ஜெபக் கூட்டம் இல்லை என்று வாசலிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று நான் கேட்டேன்.

"உங்ககிட்டதான் பேசறது இல்லையே லா. எப்படிச் சொல்றது?" என்றாள். அதற்கப்புறம் சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கினாள். கொஞ்ச நேரத்தில் நானும் சிரித்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு சாட்சி நேரத்தில் நான் எழுந்திருக்கவில்லை. மூப்பருக்கு உடம்பு சரியில்லையா என்று சபையே திரும்பிப் பார்த்தது. ஆனால் என் மனைவி சும்மா இருப்பாளா? தோட்டம் முழுக்கச் சொல்லிவிட்டாள். அதிலிருந்து எந்த விசேஷத்திலும் நான் எழுந்து நின்றால் போதும், எங்கிருந்தாவது ஒரு குரல், "மைக்க குடுத்துட்டு எறங்குங்க" என்று வரும். கருமாதி வீட்டில்கூடச் சொன்னார்கள்.

சில வருஷம் கழித்து அதே சுங்கைப்பட்டாணியில் கிரேசுக்குக் கல்யாணம் நடந்தது. நன்றியுரை பெண்ணின் தகப்பன் பொறுப்பு. நான் மைக்கை வாங்கியதுமே மண்டபத்தில் ஒரு கூட்டம் இருமிக்கொண்டு தயாரானது, எப்போது கத்தலாம் என்று. வந்தவர்களுக்கு வணக்கம் சொன்னேன். "என் மகள்" என்றேன். அதற்கு மேல் ஒரு சொல்லும் வரவில்லை. பேசிப் பேசியே பேர் வாங்கிய எனக்கா இப்படி! சரி, அவர்கள் சொல்வதற்கு முன்னால் நாமே கொடுத்துவிடலாம் என்று மைக்கை நிகழ்ச்சி நடத்துபவர் பக்கம் நீட்டினேன்.

கல்யாணச் சேலையில் நின்ற கிரேஸ் கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"குடுக்காதீங்கப்பா. இன்னும் கொஞ்சம் பேசுங்க."

பேசினேன். எவ்வளவு நேரம் என்று மட்டும் கேட்காதீர்கள். பிரியாணியைச் சுடவைக்க இரண்டு தடவை அடுப்பு மூட்ட வேண்டியிருந்தது என்று சமையல்காரர் இன்னும் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.