வளைவுக்கு வைத்த அஞ்சலி

முருகதாஸ் தம் மகள் ரேஷ்மியின் கையைப் பற்றிக்கொண்டு சாலையோரத்தில் நின்று பதினேழு நிமிடங்கள் கழிந்திருந்தன. எதிரே பள்ளிக்கூடம், இடையே முப்பதடி அகலத்தில் திருவனந்தபுரம் சாலை. தக்கலையை அடுத்த அந்த வளைவில் பேருந்துகளும் லாரிகளும் மதகு திறந்த வெள்ளமெனப் புரண்டு வந்தன. பிறவிக் கடலைக் கடக்க அடியார்க்கு இறைவன் தாள் உண்டு. இந்த முப்பதடியைக் கடக்கப் பற்றுவதற்கு ஒன்றுமில்லை.

"அப்பா, பிரேயர் முடிஞ்சிருக்கும்," என்றாள் மூன்றாம் வகுப்பு ரேஷ்மி.

"பொறு மக்கா. இந்த டிப்பர் போவட்டு."

டிப்பர் போயிற்று. போகிற போக்கில் ரேஷ்மியின் தண்ணீர்ப் பாட்டிலைத் தட்டிவிட்டுப் போயிற்று. பாட்டிலுக்கும் பிள்ளைக்கும் இடையே இருந்தது ஒரு சாண்.

அன்று முருகதாசுக்குக் கை ஓடவில்லை. அவர் பத்திரம் எழுதுபவர். 'மெதுவாகச் செல்க' என்று தாமே எழுதி நட்ட பலகையை ஓராண்டாக ஒருவரும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. மாலையில் ஷாஜனின் பிளக்ஸ் கடைக்குப் போய் முறையிட்டார்.

"மெதுவா போன்னு எழுதினா எவன்வே மெதுவா போவான்?" என்றான் ஷாஜன். "கண்ணீர் அஞ்சலி வையும். சாவு வீட்டுக்குத் துட்டி கேக்கப் போவாதவன்கிட்ட நம்ம ஊருல மூணு தலைமுறைக்குப் பேச்சு கிடையாது. செத்தது யாரு, நமக்குச் சொந்தமான்னு பாக்காம ஒருத்தன் தாண்டிப் போவானா?"

"யாருக்க படத்தப் போட?"

"அடுத்தவன் படத்தப் போட்டா அடி விழும். உம்ம படத்தப் போடும். செத்தவன் கேஸ் குடுக்க மாட்டான்."

வாசகத்தை முருகதாசே எழுதினார். பெயர் குறிப்பிடவில்லை; படம் மட்டும் தம்முடையது. 'மேற்படி வளைவில், தம்முடைய மனப்பூர்வமான சம்மதமின்றி, பிறர் வேகத்தால் அகால மரணமடைந்த அன்பருக்குக் கண்ணீர் அஞ்சலி.'

மறுநாள் காலை பலகை எழுந்தது. வாகனங்கள் வளைவில் தயங்கின; தலைகள் சன்னல்களில் முளைத்தன. ரேஷ்மி பிரேயருக்கு முன்பே பள்ளி சேர்ந்தாள். முருகதாஸ் வீடு திரும்பி, வென்று மீண்ட வேந்தனைப்போல் தோசைக்கு அமர்ந்தார்.

வாசலில் ஓர் ஆட்டோ நின்றது. பலகையின் சேதி எட்டி, கொட்டாரத்திலிருந்து அவருடைய அக்கா சபிதா தலைவிரிகோலமாக இறங்கினாள்.

"ஏ நந்தனா, எனக்க தம்பி எங்க கிடக்கான்?"

"அடுக்களையில கிடக்காரு மைனி. இது அஞ்சாவது தோசை," என்றாள் முருகதாசின் மனைவி.

சபிதா உள்ளே எட்டிப் பார்த்தாள். அழுகை நடுவழியில் நின்றது.

"ஏலே, சாவாதவனுக்கு எதுக்குல போர்டு? கொட்டாரத்துலேருந்து அழுதுட்டே வந்திருக்கேன். தொண்டைத் தண்ணி வத்திப் போச்சு."

அவளுக்குப் பின்னால் ஒரு வேன் நிறையச் சுற்றத்தார் வந்து இறங்கினர். கோடித் துணி கொண்டுவந்த மாமா ஒருவர், துட்டிக்கு எடுத்த துணியைத் திரும்பக் கொண்டுபோவது முறையல்ல என்று கூறி, அதைத் தோசைத் தட்டின் அருகிலேயே வைத்துவிட்டுப் போனார்.

"நாளைக்கே அந்தப் போர்ட எடுத்திருங்க. இல்லேன்னா நானே உங்கள மேற்படி அன்பரா ஆக்கிருவேன்," என்றாள் நந்தனா.

எடுத்தால் பிள்ளையை எப்படிக் கடத்துவது? முருகதாஸ் யோசித்து, பலகையை மேற்குப் பார்க்கத் திருப்பி நட்டார். இனி அது மலையாள நாட்டிலிருந்து வருவோர் கண்ணில் மட்டுமே படும். அங்கே அவருக்கு உறவில்லை.

உறவினர் வரவு நின்றது. ஆனால் வந்தவர்க்குத் தமிழ் வாசிக்கத் தெரியவில்லை. வண்டியை நடுச்சாலையில் நிறுத்தி, "சேட்டா, ஆரா மரிச்சது?" என்று எதிர்ப்பட்டவரையெல்லாம் விசாரித்தனர். எதிர்ப்பட்டவர் பெரும்பாலும் முருகதாசாகவே இருந்ததால், அவர் முகத்தைத் துண்டால் மறைத்துக்கொண்டு, "பாவப்பட்ட மனுசன்," என்று மட்டும் சொல்லி நகர்ந்தார்.

ஆகவே அடியில் மலையாளமும் சேர்க்க வேண்டியதாயிற்று. எழுத்துக் கூடியதால் பலகை இருமடங்காயிற்று, படமும் ஆளுயரமாயிற்று. ஆளுயர முருகதாஸ் வளைவையே மறைத்து நின்றதில், இந்தப்புறம் வந்த ஆட்டோவுக்கு அந்தப்புறம் நின்ற பால்வண்டி தெரியவில்லை. எவர்க்கும் காயமில்லை. சாலை மட்டும் திருப்பாற்கடல் ஆயிற்று.

உதவி ஆய்வாளர் பெமிலா வந்து, பலகையையும் முருகதாசையும் மாறிமாறிப் பார்த்தார்.

"உயிரோட நிக்கிற ஆளுக்கு அஞ்சலி. அதுவும் வளைவ மறைச்சு. இத நான் எந்தப் பிரிவுல எழுதட்டும்?"

"எழுதாண்டாம் மேடம். இப்பவே எடுத்திருதேன்."

திங்கட்கிழமை காலை, பலகையற்ற வளைவில் ரேஷ்மியின் கையை இறுகப் பற்றி நின்றார் முருகதாஸ். ஒரு காலைச் சாலையில் வைத்தார்.

பேருந்து நின்றது. அதன் பின்னே லாரி நின்றது. டிப்பரும் நின்றது. ஓர் ஓட்டுநர் கைகூப்பினார். மற்றொருவர் மார்பில் சிலுவை வரைந்துகொண்டார். முப்பதடிச் சாலை மதகடைத்த வாய்க்காலாய் அடங்கிக் கிடக்க, தந்தையும் மகளும் நடுவே நடந்தனர்.

செவ்வாயும் அப்படியே. புதனும் அப்படியே.

"பாத்தியா நந்தனா? போர்டு போனாலும் போதனை போகல்ல. ஜனங்களுக்கு நாகரிகம் வந்தாச்சு," என்றார் முருகதாஸ், கண் கலங்க.

வியாழனன்று அவருக்குக் காய்ச்சல். நந்தனா பிள்ளையை அழைத்துப்போய் இருபத்திரண்டு நிமிடம் நின்றாள். ஒரு சைக்கிள்கூட நிற்கவில்லை.

"உங்க நாகரிகத்துக்கு இன்னைக்கு லீவு போல," என்றாள் திரும்பி வந்து.

தாம் சாலையில் இறங்கும் பாங்கில் ஒரு கம்பீரம் இருக்கக்கூடும் என்று முருகதாஸ் அடக்கத்தோடு எண்ணிக்கொண்டார். எனினும் நன்றி மறத்தல் தகாது. வெள்ளியன்று காலை, களியக்காவிளைப் பக்கமிருந்து வந்து நின்ற பேருந்தை நெருங்கி, ஓட்டுநரை நோக்கி இரு கைகளையும் கூப்பினார். ஓட்டுநர் கண்களை இறுக மூடி ஏதோ தோத்திரத்தை முணுமுணுத்தார்; அப்பணிவு கண்டு முருகதாஸ் உருகி நின்றார்.

பின்படியில் நின்ற நடத்துநர் மெல்லக் குனிந்து, நடுங்கும் குரலில் ரேஷ்மியிடம் கேட்டார்:

"மோளே, செத்துப்போன அந்த ஆளு தெனமும் ஒனக்க கையப் பிடிச்சிட்டு வாறது ஒனக்குத் தெரியுமா?"